காய்ச்சிய அரிஷ்டம்

ஜூன் 3

தினமும் குளிக்கிறீரா என்று என்னிடம் கேட்டுவிட்டார் டாக்டர் அருணாசலம். என்னிடம்! முப்பத்திரண்டு வருடமாகக் கல்யாணச் சமையல் செய்கிற தவசிப்பிள்ளை நான். விடியற்காலை நாலு மணிக்குத் தலைக்கு ஊற்றாமல் ஒரு நாளும் அடுப்புப் பக்கம் போனதில்லை. அம்பாசமுத்திரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். கோமதிநாயகத்துக்குக் கை சுத்தம் என்பார்கள், கைராசி என்பார்கள். என் கையால் உலையில் முதல் பிடி அரிசி விழுந்தால் அந்தக் கல்யாணத்தில் ஒரு குறையும் வராது என்றுதான் தேடி வந்து தாம்பூலம் வைக்கிறார்கள். அந்தக் கையைப் பார்த்து இந்தக் கேள்வி.

விஷயம் இதுதான். ஒன்றரை மாதமாக உடம்பு அரிக்கிறது. தடிப்பு இல்லை, சிரங்கு இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. வெளியே தோல் நன்றாக இருக்கிறது, உள்ளே எறும்பு ஊர்கிறது. கணுக்காலில் ஆரம்பித்து முதுகுவரை வந்துவிட்டது. வெந்நீர் பட்டால் இரண்டு மடங்கு.

“சொறிதான்வே. சமையக்கட்டுல பத்துப் பேரோட கெடக்கீரு, ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்” என்று ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் தடவ வேண்டுமாம். சர்க்கரை தவிர வேறு பழைய வியாதி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அறையில் எப்போதும் அடுத்த டோக்கன்காரர்கள் மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், நேரம் மிச்சமாம். மூன்று பேரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை ஊர் முழுக்க, தவசிப்பிள்ளைக்குச் சொறி!

ஜூன் 5

வடிவும் தடவிக்கொண்டாள். வீடே மருந்து நாற்றம். அவளுக்கு ஒரு அரிப்பும் கிடையாது, பாவம்.

“டாக்டர்ட்ட பழசச் சொன்னியளா?” என்று கேட்டாள்.

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றேன்.

“அதச் சொல்லவேண்டியது அவுகதான, நீங்களா?”

மனைவிமாருக்கு எங்கிருந்துதான் இப்படிக் கேள்விகள் கிடைக்கின்றனவோ.

பழசு என்று அவள் சொல்வது இரண்டு வருடத்துக்கு முந்தைய சங்கதி. கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மலையாளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். கட்டி கரைந்தது, முடி கொட்டியது. பத்மநாபசாமி தரிசனத்துக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போய்வந்தேன். தலையைப் பார்த்துக் கேட்டவர்களிடம் பழனி மொட்டை என்றேன். நோயின் பெயரை இதில் எழுத மாட்டேன். பூட்டித்தான் வைக்கிறேன், இருந்தாலும் என்றைக்காவது சமையல் அளவு பார்க்க மாசானம் இந்த டைரியைப் புரட்டிவிட்டால்? பன்னிரண்டு வருடமாக என்னோடு கரண்டி பிடிக்கிறவன்தான், ஆனாலும் வாய் என்று ஒன்று இருக்கிறதே.

ஒளிக்காமல் என்ன செய்ய? வீரவநல்லூர் மாடசாமி மாஸ்டருக்கு வாயில் ஏதோ புண் என்று ஒரு பேச்சு கிளம்பியது. புண் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. பேச்சு ஆறவில்லை. அந்த வியாதிக்காரன் கையால் கல்யாணச் சோறா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டில் கடலை வறுக்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போன இரண்டு தவணையும் முகூர்த்த நாளில் விழுந்துவிட்டது. ஆவணிச் சீசன் முடியட்டும் வடிவு, போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9

சட்டைக் கழுத்துப் பட்டன் போட முடியவில்லை. சலவைக்காரன் வெந்நீரில் முக்கிச் சுருக்கிவிட்டான். நாலு சட்டையும் போச்சு. கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். “மத்த இடமெல்லாம் சுருங்கலியே அண்ணாச்சி” என்கிறான். பேச்சைப் பார்.

துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். சமையல்காரனுக்குத் துண்டு அழகுதான்.

ஜூன் 16

அரிசி மில் தாணுமூர்த்தி அண்ணாச்சி வீட்டில் தாம்பூலம் வைத்தார்கள். மகள் கல்யாணம். செப்டம்பர் ஒன்று முகூர்த்தம், இரண்டாம் தேதி மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பால் சொதி. எண்ணூறு இலை. “அடுப்பப் பத்தவைக்கது ஒம்ம கையாத்தான் இருக்கணும்வே. என் கல்யாணத்துல வச்ச கை சரியில்ல, மூணு பிள்ளயும் பொட்டப்பிள்ள” என்று அவர் சிரித்தார். அந்த வீட்டில் பெண் பிறந்ததற்கும் சமையல்காரன்தான் பொறுப்பு போலிருக்கிறது.

அவர் வீட்டம்மாள் சொர்ணம் காப்பி கொடுத்தாள். இடது கையால். பெரிய வீடு, இத்தனை படித்த மனுஷி, தாம்பூலம் வாங்க வந்தவனுக்கு இடது கையால் டம்ளரை நீட்டுகிறாள்! தவசிப்பிள்ளை என்றால் அவ்வளவு இளக்காரம். வாங்கிக் குடித்தேன். நாற்காலி முதுகில் உரசி உரசிச் சொறிந்துகொண்டே அளவு பேசி முடித்தேன். எண்ணூறு பேருக்குச் சொதி என்றால் நானூறு தேங்காயாவது வேண்டும்.

ஜூன் 24

திருநெல்வேலியில் தோல் டாக்டரம்மா. மூன்று மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் முப்பது பேர் காதில் விழக் கத்திக் கேட்டாள்: “சுகர், பிரஷர், கேன்சர், ஆஸ்துமா எதாவது இருக்கா?” இட்லி, தோசை, பொங்கல், வடை என்று கேட்கிற மாதிரி. சுகர் என்றேன்.

டாக்டரம்மா தோலைப் பார்த்துவிட்டு, “தோல்ல ஒண்ணுமே இல்லையே. மனசுல ஏதாவது கவலை உண்டா?” என்றார். உண்டு, அரிக்கிறது என்ற கவலை என்றேன். சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கூட்டமாக இருந்தது, எடுக்காமல் வந்துவிட்டேன். மாத்திரை மட்டும் வாங்கினேன்.

ஜூன் 29

அந்த மாத்திரை தூக்க மாத்திரைதான். இன்று நிச்சயதார்த்த வீட்டில் முக்காலியில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். பாயசம் அடிப்பிடித்தது. என் பாயசம்! மாசானம் மேலாகக் கோரி வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சமாளித்தான். மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் போட்டேன்.

ஜூலை 2

எடை நாலு கிலோ குறைவு. தலையணை உறை தினமும் வியர்வையில் நனைகிறது. அடுப்புச் சூடு.

ஜூலை 11

குற்றாலத்தில் சாரல். மூலிகைத் தண்ணீர், அரிப்புக்கு நல்லது என்று நாலு பேர் சொன்னார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டுகிறவரை அருவியில் நின்றேன். நிற்கிறவரை சுகம். துவட்டிய பத்தாவது நிமிடம் பழைய குருடி கதவைத் திறடி. குளிக்கும்போதும் துண்டைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லையே ஏன் என்று வடிவு கேட்டாள். குளிர் என்றேன்.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது, கல்யாணம் கிடையாது. கல்லிடைக்குறிச்சி ஆயுர்வேத வைத்தியசாலையில் ரத்தசுத்திக்கு ஓர் அரிஷ்டம் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை, ஆறு தேக்கரண்டி. கசப்பும் புளிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. பழைய வியாதி உண்டா என்று வைத்தியரும் கேட்டார். இவர்களுக்கெல்லாம் யார்தான் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்களோ.

மத்தியானம் குடித்துப் பத்து நிமிடத்தில் கழுத்தின் இடது பக்கம் ஒரு வலி வந்தது. வலி என்றால் சாதாரண வலி அல்ல, ஈரத்துணி பிழிகிற மாதிரி பிழிந்தது. தோளுக்கு இறங்கியது. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு தானாகப் போய்விட்டது.

ராத்திரி மறுபடி குடித்தேன். மறுபடி வலி.

ஜூலை 19

“அரிஷ்டம் குடிச்சா கழுத்து வலிக்குமா? வாயு பிடிச்சிருக்கும்” என்கிறான் மருந்துக்கடைக்காரன். இஞ்சிச் சாறு குடிக்கச் சொல்கிறான். ஊருக்கெல்லாம் இஞ்சிப் பச்சடி போடுகிறவனுக்கு இவன் இஞ்சி சொல்கிறான்!

ஜூலை 27

ஒரு குழம்பில் குற்றம் வந்தால் நான் யாரிடமும் போய்க் கேட்க மாட்டேன். ஒவ்வொரு சாமானாக விட்டுவிட்டு வைத்துப் பார்ப்பேன். எதை விட்டால் சரியாகிறதோ அதுதான் குற்றவாளி. உடம்பையும் அப்படியே பார்த்துவிட்டேன்.

இருபதாம் தேதி, அரிஷ்டம் குடிக்கவில்லை. வலி இல்லை.
இருபத்தொன்று, வெறும் வயிற்றில் குடித்தேன். ஐந்து நிமிடத்தில் வலி.
இருபத்திரண்டு, அரிஷ்டம் இல்லாமல் மோர்ச் சோறு மட்டும். வலி இல்லை. சோற்றின் மேல் பழி இல்லை.
இருபத்து மூன்று, கடையை மாற்றி வேறு பாட்டில். வலி.
இருபத்து நாலு, அதே அளவைச் சின்ன உருளியில் ஊற்றிக் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிக் குடித்தேன். வலி இல்லை!
இருபத்தைந்து, பச்சையாக. வலி.
இருபத்தாறு, காய்ச்சி. இல்லை.

ஆக, கொதித்தால் ஆவியாகிப் போகிற ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. உருளிக்கு மேல் குனிந்தபோது மூக்கில் ஏறியது. ஸ்பிரிட் வாடை. பீடிகூடத் தொடாத சைவப்பிள்ளை நான், அரிஷ்டம் ஊறும்போது அதில் சாராயம் தானாக உண்டாகும் என்பது ஐம்பத்தேழு வயதில்தான் எனக்கு உறைத்தது. சாராயம் பட்டால் என் கழுத்து வலிக்கிறது. ஏன்?

ஜூலை 29

வைத்தியரிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு வந்ததே கோபம். “அரிஷ்டத்தைக் காய்ச்சினீரா? காய்ச்சினா அது அரிஷ்டமாவே? மருந்த நாசம் பண்ணிட்டு மருந்து மேல குத்தம் சொல்லுதீரு!” என் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அரிஷ்டத்துக்கு வந்த மரியாதைக் குறைவுதான் பெரிதாகப் போயிற்று. மனிதன் கிடக்கிறான்.

ஆகஸ்ட் 4

இதை இன்றைக்கே எழுதவேண்டும்.

டாக்டர் அருணாசலத்திடம் டைரியையும் எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல் மேஜைக்குப் பக்கத்துப் பெஞ்சில் மூன்று பேர். ஒருவர் தாணுமூர்த்தி அண்ணாச்சி, பிரஷர் மாத்திரைக்கு வந்திருந்தார். அடுத்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கு அடுத்து இருமிக்கொண்டிருந்த ஒரு பெண்.

“என்னவே, இன்னுமா சொறியுதீரு?” என்றார் டாக்டர்.

நான் டைரியைப் பிரித்து வாசித்தேன். பச்சையாகக் குடித்தால் வலி, காய்ச்சினால் இல்லை. தேதியோடு, நிமிடத்தோடு. இருபத்து நாலாம் தேதி வந்ததும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“ஊர்ல எல்லாவனும் வலி போவணும்னு குடிக்கான். நீரு வலி வாரதுக்குன்னு குடிக்கீரு!”

பெஞ்சும் சிரித்தது. “தவசிப்பிள்ள அதையும் தாளிச்சுப் பாத்திருப்பாரு” என்றார் தாணுமூர்த்தி அண்ணாச்சி. இருமிக்கொண்டிருந்த பெண் இருமலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

மூன்றரை மாதமாக ஒருவன் தூக்கமில்லாமல் சொறிந்து ரத்தம் வரக் கிடக்கிறான், அவனிடம் குளித்தாயா என்று கேட்டார்கள், கவலையா என்று கேட்டார்கள், இஞ்சி குடி என்றார்கள். இப்போது சிரிக்கிறார்கள்.

“சிரிக்காதிய! எனக்குப் புத்துநோய் இருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்ன, இந்தக் கழுத்துல. ஆறு மாசம் மருந்து ஏத்துனாவ. இப்ப உடம்பெல்லாம் அரிக்கி, அரிஷ்டம் குடிச்சா அதே கழுத்து வலிக்கி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லும். சிரிக்கதுக்கு நான் டோக்கன் போடல.”

டாக்டர் எழுந்து வந்து என் கழுத்துத் துண்டை எடுத்தார். விரலால் கழுத்தைத் தடவினார், காறை எலும்புக்கு மேலே அழுத்தினார், கக்கத்தில் பார்த்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

“வேற வியாதி உண்டான்னு கேட்டேனா இல்லியா? சர்க்கரைதான்னு சொல்லிட்டுப் போனீரே! தெரிஞ்சிருந்தா சொறி லோஷனா எழுதியிருப்பேன்? என்னையுமில்லா மடையனாக்கிட்டீரு!” சத்தம் தெருவரை கேட்டிருக்கும்.

“எங்க வச்சுக் கேட்டீரு? இந்தா, இவுக மூணு பேரையும் பக்கத்துல உக்காத்தி வச்சுக்கிட்டுக் கேட்டீரு. கதவச் சாத்திக்கிட்டு ஒரே ஒரு மட்டம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா!”

டாக்டர் பெஞ்சைப் பார்த்து, “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க” என்றார். கதவு சாத்த வரவில்லை. எத்தனை வருடமாகத் திறந்தே கிடந்த கதவோ, கீல் துருப்பிடித்துப்போய் நின்றது. கம்பவுண்டர் வந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

சாத்திய பிறகு டாக்டர் பழைய வியாதியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, தணிந்து பேசினார். “இத நான் புஸ்தகத்துலதான்வே படிச்சிருக்கேன். நாப்பது வருசத்துல ஒருத்தர்ட்டயும் பாத்தது கெடையாது. இந்தச் சாதிக் கட்டி இருக்க சிலருக்கு, சாராயம் உள்ள போனா கட்டி இருக்க எடம் வலிக்கும். ரொம்ப அபூர்வம். காரணமில்லாத அரிப்பும் அதோட சேத்திதான். சோதிக்காம முடிவாச் சொல்ல முடியாது. ஆனா தாமசிக்கக் கூடாது, உடனே போய்ச் சேரும்.” கடிதம் எழுதிக் கொடுத்தார். வாசல்வரை வந்து, “நீரு காய்ச்சிப் பாத்ததுதான்வே சரியான வைத்தியம்” என்றார். இதைப் பெஞ்சுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5

காலை எட்டு மணிக்குத் தாணுமூர்த்தி அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை. “தப்பா நெனைக்காதீரும். சம்பந்தி வீட்ல காதுல விழுந்தா... மங்கள காரியம் பாத்துக்கிடும்.” தாம்பூலத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வலது கையால்தான் கொடுத்தேன். அவர் போன பிறகு வடிவு வாசலில் தண்ணீர் தெளித்தாள். அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 6

ஆவணியில் ஆறு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். நாலு போய்விட்டது. போனில் எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இவர்கள் சொல்லித்தான் பார்க்கவேண்டும்!

மாசானம் வந்தான். அவனிடம் ஒளித்ததுதான் எனக்கு உறுத்தியது. சொல்ல ஆரம்பித்தேன். “அண்ணாச்சி, மொட்ட போட்டா தலமுடிதான போவும். புருவமுமா போவும்?” என்றான். “எங்க எல்லாத்துக்கும் அப்பவே தெரியும். நீங்க சொல்லட்டும்னுதான் இருந்தோம்.”

இரண்டு வருடம் பத்மநாபசாமியின் நைவேத்தியம் முதற்கொண்டு இவனுக்கு வர்ணித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான் பாவி.

அரிசி மில் கல்யாணத்தை அவனிடம் கொடுக்கிறார்களாம், மாட்டேன் என்றுவிட்டானாம். “கோட்டி பிடிச்சிருக்காலே ஒனக்கு? போய்ச் செய். முதல் பால் விட்டப்புறம் சொதி கொதிச்சுதுன்னு தெரிஞ்சுது, ஆஸ்பத்திரியிலருந்து எந்திரிச்சு வந்து ஒதைப்பேன்” என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 7

நாளை ரயில். மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு, தெருவே உறங்குகிற நேரத்தில், புறவாசல் வழியாகச் சொர்ணம் வந்தாள்.

புருஷன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, நாலு வார்த்தை தயாராகவே வைத்திருந்தேன். அவள், “அண்ணாச்சி, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த ரயில்ல போவணும்?” என்றாள்.

“யாருக்கு?”

வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். வடிவு உள்ளே கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது வடிவின் முகம் வெளுத்திருந்தது. கக்கத்தில் கட்டி. எட்டு மாதமாக. பாக்கு அளவில் இருந்தது இப்போது எலுமிச்சை அளவாம். கையைத் தூக்க முடியவில்லை. இதுவரை ஒரு டாக்டரிடமும் காட்டவில்லை.

அந்த இடது கைக் காப்பி! இளக்காரம் என்று எழுதி வைத்திருக்கிறேன் நான்.

“தாணு அண்ணாச்சிக்குத் தெரியுமா?”

“தெரியாது. கல்யாணம் முடியட்டும்னு இருக்கேன். மறுவீடு முடிஞ்ச மறுநாளே வந்திருதேன் அண்ணாச்சி.”

கத்தினேன். இன்றைக்கே சொல்லுங்க, நாளைக்கே எங்களோட ஏறுங்க, எட்டு மாசம் என்ன வெளையாட்டா, மக கல்யாணத்துல அம்மா ஒழுங்கா நிக்கவேண்டாமா என்று. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். என் சத்தம் தாங்காமல் வடிவு குறுக்கே வந்தாள்.

“நீங்க பேசுதியளா? ஆவணிச் சீசன் முடியட்டும் வடிவுன்னு இந்த வீட்ல யாரு சொன்னா?”

சொர்ணம் ரயில் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, வந்த வழியே போனாள்.

ஆகஸ்ட் 12

மலையாளத்து ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டினால் திருப்பிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், வீணாயிற்று. டைரியை வாங்கினார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நாகர்கோவில்கார நர்ஸ் ஒருத்தி வாசித்துச் சொன்னாள். அரிஷ்டம் காய்ச்சிய பக்கம் வந்ததும் டாக்டரம்மா இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“கழுத்து வீக்கம் எப்போ தொடங்கியது?”

“ஒரு மாசம் இருக்கும்” என்றேன்.

நர்ஸ் முன்பக்கம் புரட்டினாள். “ஜூன் ஒம்பதுல சட்டப் பட்டன் போட முடியலன்னு எழுதியிருக்கியளே? சலவைக்காரரோட சண்டைன்னு?”

வடிவு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஜூன் ஒன்பதாம் தேதி கண்ணாடி முன்னால் நின்று என் விரலால் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் எழுதவில்லை. டாக்டர்களிடம் ஒளித்தேன், ஊரிடம் ஒளித்தேன் சரி. பூட்டி வைக்கிற டைரியில் எனக்கே ஏன் ஒளித்தேன்? எல்லோர்மேலும் எரிந்து விழுந்த வாய் இதற்கு என்ன சொல்லும்?

சலவைக்காரனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 19

கட்டியில் துண்டு எடுத்துப் பார்த்தாயிற்று. திரும்பி வந்திருக்கிறது. மருந்து இருக்கிறது, போன முறையைவிடக் கடினம், சோதனையைத் தவறவிடாமல் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா.

பெயரை எழுதுகிறேன். ஹாட்ஜ்கின் லிம்போமா. நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 24

மருந்து ஏறுகிறது. வாந்தி. அரிப்பு பாதியாகிவிட்டது! இரண்டு மாதம் எத்தனை டாக்டர், எத்தனை லோஷன்.

செப்டம்பர் 2

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறோம். மாசானம் போன் செய்தான். மறுவீடு நல்லபடியாக முடிந்ததாம், சொதி திரியவில்லையாம். “ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. சொர்ணம்மாதான் எடது கையாலயே பரிமாறுனாவ, மாப்ள வீட்ல மொகஞ்சுளிச்சிட்டாவ.”

போனை வைத்துவிட்டேன். கோபத்தில் கஞ்சி இறங்கவில்லை.

செப்டம்பர் 3

மறுவீடு முடிந்த மறுநாள் என்றாள். இன்றுதான் அந்த மறுநாள். காலை ரயில் வந்தது, அவள் வரவில்லை. வடிவு அரை மணி நேரம் ஸ்டேஷனில் நின்றுவிட்டு வந்தாள்.

நாளையும் வராவிட்டால் நான் ஊருக்கு வண்டியேறுவேன். டாக்டரம்மா தடுத்தாலும் சரி. அரிசி மில் வாசலில், தெருவில் நின்றுகொண்டு கத்துவேன். அவளுடையதைச் சொல்ல மாட்டேன், அது அவள் சங்கதி. என்னுடையதைச் சொல்வேன். எனக்குக் கேன்சர், ஜூன் மாதம் தெரிந்தும் ஒளித்தேன், மடையனாக இருந்தேன் என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன். உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்கும்.

செப்டம்பர் 4

காலை ரயில். சொர்ணம் இறங்கினாளாம். பின்னால் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு தாணுமூர்த்தி இறங்கினாராம். வடிவு வந்து சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, கம்பைப் பிடித்துக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக் கூடத்துக்குப் போனேன்.

இருநூறு பேர் இருக்கும். அவர் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் துண்டைச் சுற்றி முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தார். “நேத்துத்தான்வே சொன்னா. எட்டு மாசம், எங்கிட்டயே சொல்லலவே” என்றார். “ஊர்ல பத்மநாபசாமி கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கோம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பைத் தூக்கியிருப்பேன். அதற்குள் நர்ஸ் கையில் சீட்டோடு வாசலில் வந்து நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்:

“சொர்ணம், அம்பாசமுத்திரம்! சொர்ணம்!”

யாராவது ஊர்க்காரர்கள் இருக்கிறார்களா என்று தாணுமூர்த்தி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். சொர்ணம் தரையைப் பார்த்தாள். இருவரும் அசையவில்லை. நர்ஸ் அடுத்த பெயருக்குச் சீட்டைத் திருப்பினாள்.

“இந்தா இருக்காவ!” என்று நான் கத்தினேன். இருநூறு தலையும் திரும்பியது. “எங்க ஊர்தான்! இந்தா வாராவ!”

சொர்ணம் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள்.